இரண்டில்லாத இடத்தில் பக்தி

இன்றைய பொழிவின் பொருள், அத்வைத வேதாந்தத்தில் பக்தி பெறும் இடம்.

கும்பிடுவதற்கு இருவர் வேண்டும். கும்பிடுகிறவர் ஒருவர், கும்பிடப்படும் தெய்வம் ஒன்று. அத்வைதமோ இரண்டு என்பதே கிடையாது என்று தொடங்குகிறது. பிரம்மம் ஒன்றே மெய். அதற்குக் குணமில்லை, உருவமில்லை, பெயரில்லை. தன்னை ஜீவன் என்று எண்ணிக்கொண்டிருப்பதும் அந்தப் பிரம்மமேதான். அப்படியானால் யார் யாரைக் கும்பிடுவது? யாருக்காகப் பூப்பறிப்பது? கேட்கிறவன் வேறு, கொடுக்கிறவன் வேறு என்ற எண்ணமே அறியாமை என்றால், சந்நிதியில் நின்று அருள் கேட்பதற்கு என்ன பொருள்?

இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் குணமற்ற பிரம்மம் என்ற கொள்கையையே மறுத்தார். உபநிடதங்கள் விடுதலைக்கு வழியாகச் சொல்லும் அறிவு, அன்போடு இடையறாது நினைக்கும் உபாசனையே, அதாவது பக்தியே என்று நிறுவினார். மத்துவரின் வழியினர் ஜீவனும் ஈசனும் என்றைக்கும் வேறு வேறு என்றார்கள். தமிழ்நாட்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், மாயாவாதி என்ற பெயரில் அத்வைதியின் கட்சியை எடுத்துவைத்து மறுத்தார். சைதன்யரின் வழிவந்த வங்க வைணவரும் சும்மா இருக்கவில்லை. சொன்ன விதம் பலவானாலும் குற்றச்சாட்டின் சாரம் ஒன்று: அத்வைதிக்குத் தெய்வம் ஏறி முடிந்ததும் எட்டி உதைக்கும் ஏணி.

குற்றச்சாட்டு கடுமையானது. அதற்கு அத்வைதிகள் சொன்ன விடை ஒன்றா? இல்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு மொழிகளில் பல விடைகள் வந்தன; ஒன்றுக்கொன்று ஒத்துவராதவையும் அவற்றில் உண்டு.

முதலில் சங்கரரின் விடை. கேரளத்துக் காலடியில் பிறந்து, ஏறத்தாழ எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் அவர். பிரம்ம சூத்திரத்துக்கும் உபநிடதங்களுக்கும் கீதைக்கும் அவர் எழுதிய உரைகளில் ஒரு நிலைப்பாடு கொஞ்சமும் தளராமல் வருகிறது: விடுதலை அறிவினால் மட்டுமே. கயிற்றைப் பாம்பென்று எண்ணி நடுங்குகிறவனுக்கு அச்சம் தீர, அது கயிறு என்று தெரிய வேண்டும்; வேறு எதைச் செய்தாலும் பாம்பு போகாது. பூசை செய்தாலும் போகாது, யாகம் செய்தாலும் போகாது. இந்த இடத்தில் சங்கரர் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் அந்த அறிவு எப்படி வரும்? இங்கேதான் ஈசுவரன் வருகிறான். உலகம் தெரிகிறவரை, உடலும் மனமும் தன்னுடையவை என்று ஒருவன் எண்ணுகிறவரை, அந்த உலகத்துக்கு ஒரு தலைவனும் உண்டு. அதே பிரம்மம், மாயையோடு சேர்த்துப் பார்க்கப்படும்போது, எல்லாம் அறிந்தவனாக, எல்லாம் வல்லவனாக, வினைப்பயனைக் கொடுப்பவனாக நிற்கிறது. அந்த ஈசுவரனின் அருளால் வரும் ஞானத்தாலேயே விடுதலை கைகூடும் என்று பிரம்ம சூத்திர உரையின் இரண்டாம் அத்தியாயத்தில் சங்கரரே எழுதுகிறார். சாதகர்களுக்கு அருள்வதற்காகப் பரமேசுவரன் தன் விருப்பப்படி மாயையால் உருவம் எடுப்பதும் உண்டு என்று அதே உரையின் முதல் அத்தியாயத்தில் சொல்கிறார். எங்கும் நிறைந்த பிரம்மத்தை இதயம் என்ற சிறிய இடத்தில் தியானிக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும் என்று கேள்வி வருகிறபோது, அவர் கையில் எடுக்கும் உதாரணம் சாளக்கிராமம். அந்தச் சிறு கல்லில் ஹரியைக் காண்பது போல என்கிறார். தர்க்கத்தின் நடுவில், தன்னை அறியாமல் வருவது போல, பூசை அறையிலிருந்து ஒரு பொருள் வந்து நிற்கிறது. உருவ வழிபாட்டை வெறும் ஒப்புக்கு ஏற்றுக்கொண்டவர் எடுக்கும் உதாரணமா அது?

கீதை உரையில் இன்னும் ஒரு படி. ஏழாம் அத்தியாயத்தில் கண்ணன் தன்னை வழிபடுவோரை நான்காகப் பிரிக்கிறான்: துன்பத்தில் சிக்கியவன், அறிய விரும்புகிறவன், பொருள் வேண்டுகிறவன், ஞானி. நால்வரில் ஞானியே எல்லோரினும் பிரியமானவன். அவன் தன் ஆத்மாவே என்பது கண்ணனின் முடிவு. கவனிக்க வேண்டியது இது: ஞானியும் பக்தர் பட்டியலில்தான் இருக்கிறான். பதினெட்டாம் அத்தியாயத்தில் பரபக்தி என்ற சொல் வருகிற இடத்தில் சங்கரர் இந்த நால்வரை நினைவுபடுத்தி, நான்காமவனின் பக்தியே பரபக்தி, ஞானத்தில் நிலைத்து நிற்பதே அது என்று உரை எழுதுகிறார். சங்கரர் பெயரில் வழங்கும் விவேகசூடாமணியும் விடுதலைக்கான கருவிகளில் பக்தியை மேலாக வைத்து, தன் உண்மை நிலையை நாடி நிற்பதே அந்தப் பக்தி என்று இலக்கணம் கூறுகிறது.

இது பக்தியை உயர்த்துவதா, இல்லை, பக்தியின் பெயரை ஞானத்துக்குச் சூட்டிவிட்டுப் பக்தியைக் கைவிடுவதா? எதிர்க்கட்சியினர் இரண்டாவதையே சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. உரை எழுதும் சங்கரருக்குக் கண்ணீரும் உருக்கமும் பேசுபொருள் அல்ல.

உரைகளை விட்டு வழிபாட்டுக்கு வந்தால் காட்சி வேறு. சங்கரர் நிலைநாட்டியதாக ஸ்மார்த்த மரபு போற்றும் பஞ்சாயதன பூசையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு தட்டில் ஐந்து கற்கள். சிவனுக்கு நர்மதையின் பாணலிங்கம். திருமாலுக்கு நேபாளத்துக் கண்டகி ஆற்றின் சாளக்கிராமம். அம்பாளுக்கு ஆந்திரத்துச் சுவர்ணமுகி ஆற்றில் கிடைக்கும் கல். பிள்ளையாருக்குச் சோணை ஆற்றின் சிவப்புக் கல். சூரியனுக்குத் தஞ்சாவூரை அடுத்த வல்லத்துப் படிகம். எதற்கும் கண் இல்லை, மூக்கு இல்லை, கை கால் இல்லை. உளி படாத கற்கள். உருவம் என்றால் உருவம், இல்லையென்றால் இல்லை. ஐந்தில் வீட்டுக்காரரின் இஷ்ட தெய்வம் எதுவோ அது நடுவில் அமரும், மற்ற நான்கும் சுற்றி அமரும். சிவனை நடுவில் வைத்தவர் வீட்டில் திருமால் ஓரத்தில். அடுத்த வீட்டில் இடம் மாறியிருக்கும். இடத்தை மாற்றினால் எந்தத் தெய்வத்துக்கும் குறைவு வந்துவிடாது என்பது இந்தப் பூசையின் அடிப்படை. ஒரு மெய்ப்பொருளுக்குப் பல முகம் என்ற அத்வைதக் கொள்கையை இதைவிடச் சுருக்கமாக எந்த நூலும் சொன்னதில்லை.

அடுத்து, தோத்திரங்கள். சிவானந்தலஹரி, சௌந்தர்யலஹரி, பஜகோவிந்தம், ஷட்பதீ என்று ஒரு நீண்ட வரிசை சங்கரர் பெயரில் வழங்குகிறது. இவற்றில் பலவற்றை அவரே பாடினாரா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. அந்த வழக்கு இங்கே முடிவாக வேண்டியதில்லை. அத்வைத மடங்கள் பல நூற்றாண்டுகளாக இவற்றைத் தம்முடையவை என்று ஓதி வருகின்றன. மரபு எதைத் தன்னுடையது என்று ஏற்றது என்பதே இங்கு வேண்டிய செய்தி.

சிவானந்தலஹரியில் பக்தி என்றால் என்ன என்று சொல்லும் ஒரு பாடல் ஐந்து உவமைகளை அடுக்குகிறது. அழிஞ்சில் விதை தன் தாய்மரத்தில் போய் ஒட்டிக்கொள்வது. ஊசி காந்தத்தை நாடுவது. பதிவிரதை கணவனை நாடுவது. கொடி மரத்தைப் பற்றுவது. ஆறு கடலில் கலப்பது. வரிசையைப் பார்த்தால் கவியின் நோக்கம் தெரியும். ஒட்டிக்கொண்டாலும் விதை விதைதான், மரம் மரம்தான். ஊசியைப் பிரித்தெடுத்துவிடலாம். ஆற்றைக் கடலிலிருந்து யாரால் பிரித்தெடுக்க முடியும்? ஈர்ப்பில் தொடங்கிக் கலப்பில் முடிகிற ஒரே இயக்கத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்திருக்கிறது அந்தப் பாடல். இரண்டு பாடல் தள்ளி, காளத்திக் கண்ணப்பர் வருகிறார். வழிநடந்து தேய்ந்த செருப்பு இறைவன் திருமேனியில் தர்ப்பைக் கூர்ச்சமாகிறது, வாய்நீர் அபிடேகமாகிறது, தின்று பார்த்த இறைச்சி நிவேதனமாகிறது, காட்டு வேடன் பக்தருள் தலையாயவன் ஆகிறான். சாத்திரம் சொன்ன எதுவும் அந்த வழிபாட்டில் இல்லை. அத்வைத மடத்தின் பாராயண நூலில் கண்ணப்பருக்குக் கிடைத்த இடம் இது.

ஷட்பதீ வேறொரு நுட்பத்தைத் தொடுகிறது. திருமாலை நோக்கிய ஆறு சிறு பாடல்கள் கொண்டது அது. வேற்றுமை நீங்கிய பிறகும் நான் உனக்குரியவன், நீ எனக்குரியவன் அல்லன். அலை கடலுக்குரியது, கடல் அலைக்குரியது ஆகாது என்பது அதன் மூன்றாம் பாடலின் கருத்து. அலையும் கடலும் நீரால் ஒன்று. இருந்தும் அலைக்கு அடக்கம் வேண்டும். ஒன்று என்று தெரிந்த பிறகு வணக்கம் ஏன் என்று கேட்கிறவருக்கு இந்த ஒரு பாடல் விடை.

ஞானத்துக்கு முன்னால் பக்தி எதற்கு என்பது எளிய கேள்வி. மனம் தூய்மையாக, ஒருமுகப்பட. எல்லா அத்வைத நூலும் இதைச் சொல்லும். கடினமான கேள்வி அடுத்தது: ஞானத்துக்குப் பின்னால் பக்தி உண்டா? இந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தவர்களில் பெரியவர் பதினாறாம் நூற்றாண்டின் மதுசூதன சரஸ்வதி.

வங்கத்தில் பிறந்து காசியில் வாழ்ந்த துறவி அவர். வியாசதீர்த்தர் மத்துவரின் துவைதத்தின் பக்கம் நின்று எழுதிய நியாயாமிருதம் அத்வைதத்தை வரிவரியாகத் தாக்கிய நூல். அதற்கு மறுப்பாக மதுசூதனர் எழுதியதே அத்வைதசித்தி. உலகம் பொய் என்பதை இத்தனை கறாராக நிறுவ முயன்ற நூல் வேறு இல்லை எனலாம். அதே கை பக்திரசாயனம் என்ற நூலையும் எழுதியது. அதே கை கீதைக்கு எழுதிய உரையில், கண்ணனுக்கு மேலான ஒரு தத்துவத்தைத் தான் அறியவில்லை என்றும் பதிவு செய்தது. இவர் தடுமாறினாரா? தன் கொள்கையை மறந்தாரா? அவர் எழுதியதைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. தெரிந்தே, கணக்குப் போட்டுச் செய்தார்.

பக்திரசாயனம் மனத்தை அரக்குக்கு ஒப்பிடுகிறது. அரக்கு குளிர்ந்திருக்கும்போது கெட்டி, எதையும் ஏற்காது. சூடுபட்டால் உருகும். உருகிய அரக்கில் சாதிலிங்கத்தைக் கலந்துவிட்டால், மறுபடி இறுகிய பின்னும் சிவப்பு போகாது. காமம், சினம், அச்சம், நேசம், மகிழ்ச்சி, துயரம், இரக்கம் என்று மனத்தை உருக்கும் சூடுகள் பல. இறைவனின் கதையைக் கேட்டு உருகிய மனத்தில் இறைவனின் உருவம் பதிந்து, அது ஓயாத ஒழுக்காக ஓடுவதே பக்தி. ஞானம் உருகாத மனத்தின் வேலை. பக்தி உருகிய மனத்தின் வேலை. இப்படி இரண்டையும் பிரித்துவிட்டு, தன்மையால் வேறு, வழியால் வேறு, பயனால் வேறு, தகுதியால் வேறு என்று நான்கு வகையில் எல்லை கட்டுகிறார். ஞானத்தின் பயன் அறியாமை நீங்குதல். பக்தியின் பயன் இறைவன்மேல் அன்பு பெருகுதல். ஞானத்துக்கு உரியவர் முற்றத் துறந்த சந்நியாசி. பக்திக்கு உரியவர் யார்? உயிர்கள் அனைத்தும். அதற்கு மேல், பக்தி இன்னொன்றை அடையும் கருவி என்பதோடு நிற்பதில்லை. அதுவே மேலான புருஷார்த்தம் என்றும் எழுதினார். சங்கரர் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் சங்கரரின் மரபுக்குள் இருந்துகொண்டேதான் மதுசூதனர் இதைச் சொன்னார். மரபும் அவரை வெளியே தள்ளவில்லை.

கீதையின் சரணாகதி சுலோகத்துக்கு உரை எழுதும்போது மதுசூதனர் மூன்று நிலை காட்டுகிறார். நான் அவனுடையவன் என்பது முதல் நிலை. அவன் என்னுடையவன் என்பது இரண்டாம் நிலை. அவனே நான் என்பது மூன்றாம் நிலை. முதல் நிலைக்கு அவர் தரும் சான்று, சற்று முன் சொன்ன ஷட்பதீயின் அலை. மூன்றும் சரணாகதியே. அத்வைத அனுபவமே சரணாகதியின் முதிர்ந்த நிலை ஆகிறது இங்கே.

இந்தச் சிந்தனைக்கு மதுசூதனரும் முதல்வர் அல்லர். அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முன், 1290 அளவில் மராட்டிய மண்ணில் ஞானேசுவரர் ஞானேசுவரி என்ற கீதை விளக்கத்தைத் தந்தார். பண்டரிபுரம் நோக்கி நடக்கும் வார்க்கரிகள் இன்றும் போற்றும் நூல். அவருடைய இன்னொரு நூல் அமிருதானுபவம். அதன் ஒன்பதாம் பகுதி, எல்லாம் ஒன்று என்றான பிறகு பக்தி எப்படி என்ற கேள்விக்கே ஒதுக்கப்பட்டது போல் இருக்கிறது. அவர் காட்டும் உதாரணம் ஒன்று போதும். ஒரே மலையைக் குடைந்து கோயில் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் தெய்வமும் அந்த மலைதான், சுற்றி நிற்கும் பரிவாரமும் அந்த மலைதான். அங்கே தெய்வம், அடியார், கோயில் என்ற நடப்பு நடக்கிறதல்லவா? ஒன்றாய் இருந்துகொண்டே பக்தி நடத்த ஏன் முடியாது? மலையைக் குடைந்து எல்லோராவில் கைலாசநாதர் கோயில் எழுப்பிய நாடு அது. கேட்டவர்களுக்கு உதாரணம் கண்முன்னே நின்றிருக்கும்.

மதுசூதனர் தகுதி பற்றிச் சொன்ன சொல்லுக்குத் திரும்ப வேண்டும். அதில் தத்துவத்தைத் தாண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. எல்லாம் ஒன்று என்று கற்பிக்கும் அத்வைதம், அதைக் கற்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்கவில்லை. சூத்திரருக்கு வேதம் பயிலும் உரிமை இல்லை என்ற பிரம்ம சூத்திரப் பகுதிக்குச் சங்கரர் உரை எழுதியபோது அந்தத் தடையை ஏற்றே எழுதினார். இதிகாச புராணங்களின் வழியே நான்கு வருணத்தாரும் ஞானம் பெறலாம் என்று ஒரு வாசலை மட்டும் திறந்துவைத்தார். இது மறைக்கக் கூடாத உண்மை. மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்களுக்கு அத்வைதம் கிடைத்தது பெரும்பாலும் கதை, பாட்டு, நாமம் என்ற பக்தியின் வழியாகத்தான்.

காவிரிக் கரையில் இது கண்கூடாக நடந்தது. கோவிந்தபுரத்தில் சமாதி கொண்ட போதேந்திர சரஸ்வதி ஓர் அத்வைதத் துறவி, காஞ்சி மடத்தின் பீடாதிபதி. அவர் ஊர் ஊராகப் பரப்பியது இறைவனின் நாமம். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளும் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகளும் அதே வழி. மருதாநல்லூரார் வகுத்த முறையில்தான் இன்றைக்கும் தமிழ்நாட்டில் பஜனை சம்பிரதாயம் நடக்கிறது. ஐயாவாள் வீட்டுக் கிணற்றில் கார்த்திகை அமாவாசையன்று கங்கை பொங்கியதாக மரபு. அந்த நாளில் இன்றும் மக்கள் அங்கே நீராடுகிறார்கள். நெரூரில் சமாதி கொண்ட சதாசிவ பிரம்மேந்திரர் உடம்பை மறந்து திரிந்த அவதூதர். ஆத்மவித்யாவிலாசம் எழுதியவரும் அவர்தான், கிருஷ்ணன் மேலும் இராமன் மேலும் கீர்த்தனை பாடியவரும் அவர்தான். கச்சேரி மேடைகளில் அந்தக் கீர்த்தனைகளைக் கேட்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் நிர்க்குணவாதி என்பது நினைவுக்கு வரும்?

ஆரணிப் பக்கத்து அடையபலத்தில் பிறந்த அப்பைய தீட்சிதரையும் சொல்ல வேண்டும். அத்வைதிகளுக்குள் உள்ள கருத்து வேறுபாடுகளை எல்லாம் சித்தாந்தலேச சங்கிரகம் என்ற நூலில் தொகுத்த பெரும் பண்டிதர். அவருக்கு ஓர் ஐயம் வந்ததாம்: தன் சிவபக்தி அறிவின் மேற்பரப்பில் நிற்கிறதா, அடியாழம் வரை இறங்கியிருக்கிறதா? ஊமத்தையை உட்கொண்டு, புத்தி தடுமாறும் நேரத்தில் தன் வாயில் வருவதை எல்லாம் எழுதிக்கொள்ளும்படி மாணவர்களிடம் சொன்னாராம். எழுதப்பட்டவை ஐம்பது பாடல்கள். ஆத்மார்ப்பண ஸ்துதி என்று பெயர். செவிவழிச் செய்திதான். தர்க்கப் பண்டிதர் ஒருவர் தம் பக்தியையும் சோதனைக்கு உட்படுத்தினார் என்று மரபு நம்ப விரும்பியது என்பது மட்டும் உறுதி.

பிற்காலத்தில் இரண்டு பேர் போதும். தட்சிணேசுவரத்தில் காளியை வழிபட்டு வந்த இராமகிருஷ்ணருக்கு அத்வைத சாதனை கற்பிக்க வந்தவர் தோதாபுரி. மனத்தை வெறுமையாக்க முயன்றபோதெல்லாம் காளியின் உருவம் வந்து நின்றது; ஞானம் என்ற வாளால் அதையும் இரண்டாக வெட்டிய பிறகே நிர்விகல்ப சமாதி கூடியது என்று இராமகிருஷ்ணரின் வரலாறு சொல்கிறது. அதற்குப் பின் என்ன செய்தார்? காளியை வணங்குவதை விட்டாரா? விடவில்லை. ஓரிடத்தில் மூன்று நாளுக்கு மேல் தங்காத தோதாபுரி பதினொரு மாதம் தங்கி, சக்தியை ஏற்றுக்கொண்டு புறப்பட்டார்.

இன்னொருவர் திருவண்ணாமலை ரமணர். மதுரையில் பள்ளி மாணவராக இருந்தபோது பெரியபுராணத்தைப் படித்து, மீனாட்சி கோயிலில் அறுபத்து மூவர் திருமேனிகளின் முன் நின்று உருகியவர். 1896-இல் அருணாசலம் வந்து சேர்ந்தார். நான் யார் என்று தன்னையே விசாரிக்கச் சொன்ன அவர்தான், பிச்சைக்குப் போகும் சாதுக்கள் பாடிக்கொண்டு செல்ல அருணாசல அட்சரமணமாலை பாடினார். 108 கண்ணிகளில் தலைவனிடம் ஏங்கும் தலைவியின் குரல் கேட்கிறது. விசாரணை செய், முடியாவிட்டால் சரணடை என்று இரண்டு வழி காட்டினார். உபதேச உந்தியாரில், இறைவனை வேறாக நினைப்பதைவிட அவனே நான் என்று நினைப்பது மேல் என்று தரம் பிரித்தும் வைத்தார்.

ஆக, அத்வைதத்தில் பக்தியின் இடம் எது? சங்கரரின் உரைகளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், பக்தி ஞானத்தின் வாசல். உள்ளே நுழைந்தபின் ஞானமே பக்தி என்ற பெயரைத் தாங்குகிறது. இராமானுஜரின் கேள்விக்கு இது முழு விடையாகாது. அவர் கேட்ட பக்தி இருவர் என்றென்றும் இருவராக நின்று அன்பு செய்யும் பக்தி, அதை அத்வைதத்தால் எந்நாளும் தர இயலாது. ஞானேசுவரரும் மதுசூதனரும் தந்த விடை அதைவிட வலியது: ஞானம் வந்தபின் தேவை தீர்ந்துபோகிறது, அன்பு தீர்வதில்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லாதவன் செய்யும் வணக்கத்தை நடிப்பு என்று சொல்ல எதிர்க்கட்சியினருக்கும் வழியில்லை. உரைநூல்களை மட்டும் படித்துவிட்டு அத்வைதம் வறண்டது என்று சொல்வோரும், தோத்திரங்களை மட்டும் ஓதிவிட்டு அதுவும் பக்தி நெறிதான் என்று சொல்வோரும், அத்வைதசித்தியையும் பக்திரசாயனத்தையும் எழுதியவர் ஒருவரே என்ற செய்திக்கு இன்னும் விடை சொல்லவில்லை.